உங்கள் நன்னாவின் அத்தா பெயர் என்ன?

 

சென்ற மாதம் ஒரு கடலோர ஊரில் இளைஞர் கூட்டம். வழக்கமாகப் பேசுவதைப் பேச எழுந்தவன், ஏனோ ஒரு கேள்வியோடு ஆரம்பித்துவிட்டேன். "உங்கள் நன்னாவின் அத்தா பெயர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். 60 பேர் அமர்ந்திருந்த கூட்டத்தில் 4 கைகள் உயர்ந்தன. "அவர் எங்கே அடக்கமாகியிருக்கிறார்?" என்றேன். 3 கைகள் இறங்கிவிட்டன. மிச்சமிருந்த ஒரு தம்பி, "பினாங்கில்" என்றார். பினாங்கில் எந்த மையவாடி என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. அந்த ஊரில் பாதி வீடுகள் பினாங்குப் பணத்தில் எழும்பியவை!

அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஸஃபர் என்ற அரபுச் சொல்லுக்குப் பயணம் என்று பொருள். நம் ஊர்களில் அதற்குப் பிழைப்பு என்று பொருள். ஆண் பிள்ளை மீசை முளைத்ததும் சபராளியாகிவிட வேண்டும். ரங்கூன், மோல்மீன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன் என்று கடைத்தெருக்களெல்லாம் நம்மவர்கள் நிறைந்திருந்தார்கள். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு 'ரஜூலா' கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. அதன் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. பெரும்பாலான ஊர்க்காரர்கள் பெண்களை ஊரில் விட்டுவிட்டுப் போனார்கள்; கடையநல்லூர் நெசவாளர்களோ குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூர் போனார்கள். இறங்கிய இடத்திலெல்லாம் முதலில் பள்ளிவாசலைக் கட்டினார்கள். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளி 1801இல் உருவானது. சிங்கப்பூரில் சூலியா ஜாமிஆ பள்ளி 1826இல். சைகோன் நகரின் நடுவே 1935இல் ஒரு பள்ளி. அல்லாஹ்வின் வீட்டைக் கல்லில் எழுப்பிய அந்த மக்கள் தங்கள் வரலாற்றை ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை. பெண்டுபிள்ளைகளிடம் வாயால் சொன்னார்கள். அதைக் கேட்ட தலைமுறைதான் இப்போது ஒவ்வொருவராக மையவாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு மூதாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். தஞ்சைக் கடலோரத்தில் நான் இமாமாக இருந்த ஊர். அவருடைய அத்தாவுக்கு ரங்கூன் மொகல் தெருவில் கைலிக் கடை. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூன் மீது குண்டு போட்டபோது இவருக்கு 8 வயது. கப்பலில் இடம் கிடைக்கவில்லை. 1942இல் பல லட்சம் இந்தியர்கள் பர்மாவிலிருந்து கால்நடையாக வந்தார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவர். மாந்தளை தாண்டி, தமு வழியாக மணிப்பூர் மலைகளில் ஏறி இம்பால் வந்து சேர்ந்திருக்கிறார்கள். வழியில் காலரா.

"எங்கம்மாவ அங்கதான் வச்சோம் ஹஜ்ரத்து. குழி தோண்ட மம்பட்டி கெடையாது. எங்கத்தா ஒரு தகரத்த வச்சுத் தோண்டுனாங்க. தொழவச்சது அத்தாவும், வழியில கண்ட ரெண்டு பேரும். அந்த ரெண்டு பேரு யாருன்னு தெரியாது. ஆனா இன்னிக்கும் அவங்களுக்கு துஆ செய்யுறேன்" என்று அந்தம்மா சொன்னபோது என்னால் தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதில் அவருடைய அத்தா, போருக்கு முன் ரங்கூனிலிருந்து ஊரில் இருந்த தன் தாயாருக்கு எழுதிய கடிதங்கள். எல்லாம் அரபுத்தமிழ். அன்றைய நம் பெண்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்ட எழுத்திலேயே தமிழை எழுதவும் படிக்கவும் செய்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியார்கள் மார்க்க நூல்களையே அந்த எழுத்தில் தந்தார்கள். மூதாட்டிக்குக் கண் மங்கிவிட்டதால் என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். இரண்டு கடிதங்களைப் படித்தேன். முதல் கடிதம் முழுக்கக் கைலி விலையும் மழையும். இரண்டாவது 1937ஆம் ஆண்டுக் கடிதம். தம்பி பெயருக்கு 400 ரூபாய் அனுப்பியிருப்பதாகவும், பள்ளிக்கு மேற்கே உள்ள தோப்பை வாங்கி, வழிப்போக்கர்கள் தங்கவும் பேஷ் இமாம் குடியிருக்கவும் அல்லாஹ்வுக்காக விட்டுவிட வேண்டும் என்றும், தன்னால் வந்து கையெழுத்துப் போட முடியாததால் பத்திரத்தைத் தம்பி பெயரிலேயே முடிக்கும்படியும் எழுதியிருந்தார். "நான் குடியிருக்கும் வீடா இது!" என்று ஆச்சரியப்பட்டேன். "மீதியை நோன்பு முடிந்ததும் வந்து படிக்கிறேன் நன்னி, எல்லாவற்றையும் எழுதியே வைத்துவிடுவோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நோன்பு முடிந்தது. எனக்குக் கூட்டங்கள், பயணங்கள். பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நாற்பது நாள் கழித்து அறையை ஒழித்திருக்கிறார்கள். அவருடைய மருமகள் தொழுகையாளி, நல்ல பெண்மணி. பெட்டியைத் திறந்தால் அரபு எழுத்து! கிழிந்துபோன ஓதல் ஏடுகள் என்று நினைத்து, ஒளூ செய்து, வெள்ளைத் துணியில் சுற்றி, கால் படக்கூடாது என்ற பேணுதலோடு பள்ளிவாசலின் பழைய கிணற்றில் இறக்கிவிட்டார். அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. அவர் ஓதிய மத்ரஸாவில் அரபுத்தமிழ் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருக்க வேண்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான்.

இப்போது அந்தத் தோப்பு வழக்கில் இருக்கிறது. பத்திரம் தம்பி பெயரில் இருக்கிறதல்லவா? தம்பியின் பேரன்மார், "இது எங்கள் குடும்பச் சொத்து, பள்ளிக்கு இரவலாகக் கொடுத்தது" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்ட கதை அதுவாக இருக்கலாம். ஜமாஅத்தார் என்னைத் தேடி வந்தார்கள். வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நகல் எடுத்தீர்களா?"

என் சட்டைப்பையில் அன்று கைப்பேசி இருந்தது சகோதரர்களே! ஒரு படம் எடுக்க எத்தனை விநாடி ஆகும்? இன்று அந்தக் கடிதத்துக்கு நான் ஒருவன்தான் அறிவிப்பாளன். நகல் இல்லை. உடன் கேட்டவர் இல்லை. ஹதீஸ் வகுப்பில் இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் நானே எத்தனை கேள்வி கேட்பேன்!

இது ஒரு தோப்பின் கதை. நம் ஊர்களில் பள்ளி, மத்ரஸா, மையவாடி, முஸாஃபிர்கானா என்று எத்தனை இடங்கள், "இன்னார் ரங்கூனிலிருந்து பணம் அனுப்பி விட்டது" என்ற வாய்ச்சொல்லின் மீதே நிற்கின்றன! நெடுங்காலப் பயன்பாட்டைக் கொண்டே ஓர் இடத்தை வக்ஃப் என்று ஏற்கும் வழி முன்பு இருந்தது. 2025இல் வந்த வக்ஃப் திருத்தச் சட்டம் இனிமேலுக்கு அந்த வழியை அடைத்துவிட்டது. இனி வக்ஃப் பத்திரம் எழுதாமல் வக்ஃப் உருவாக்கவும் முடியாது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு சில பிரிவுகளை நிறுத்திவைத்தது, இதை நிறுத்திவைக்கவில்லை. இந்தச் சட்டத்தை எதிர்த்து நாம் வீதிக்கு வந்தோம். வர வேண்டியதுதான். ஆனால் வீதிக்கு வந்த நம்மில் எத்தனை பேர் வீட்டுப் பரண்மீது ஏறிப் பார்த்தோம்?

காகிதம் கேட்கும் காலம் இது. அஸ்ஸாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்து 6 ஆயிரத்து 657 பேர் விடுபட்டார்கள். 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன் தாமோ முன்னோரோ அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். அந்த முன்னோருக்கும் தமக்கும் உள்ள உறவையும் காட்ட வேண்டும். இன்னார் மகள் நான் என்று காட்ட முடியாமல் தவித்தவர்களில் கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்கள் ஏராளம். அது எங்கோ நடந்தது என்று இருந்தோம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியதும், இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் அத்தா பெயர் எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்த எழுத்துக் கூட்டலில் இருக்கிறது என்று நம் பிள்ளைகள் தேடி அலைந்தார்கள். "அத்தா அப்போ எங்க இருந்தாங்க?" என்று உம்மாவுக்குப் போன் போட்டார்கள். நல்லது. அந்தப் போனை இன்னும் பத்து நிமிடம் வைக்காமல் பேசியிருக்கலாமே!

இனி இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கதையைக் கேட்டால் மட்டும் போதாது, சோதிக்கவும் வேண்டும். வாயால் வந்த செய்தியை எப்படிச் சோதிப்பது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த சமுதாயம் நாம். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததற்கு ஆதாரம் உண்டா என்று இமாம் புகாரி (ரஹ்) ஒவ்வொரு அறிவிப்பிலும் பார்த்தார்கள். ஒரு வியாபாரச் சகோதரர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "எங்க பெரிய நன்னா ரங்கூன்ல கடைசி முகலாய பாதுஷா பகதூர் ஷாவுக்கே துணி வித்தவர் ஹஜ்ரத்!" பெரிய நன்னா எப்போது ரங்கூன் போனார் என்று விசாரித்தேன். கணக்குப் போட்டால் 1905 வாக்கில் வருகிறது. பகதூர் ஷா ரங்கூனில் இறந்தது 1862 நவம்பர் 7. சந்திப்புக்கு வழியே இல்லை! மேலும் கிளறிப் பார்த்தபோது, பாதுஷாவின் அடக்கஸ்தலத்துக்குப் பக்கத்தில் அவர் கடை வைத்திருந்தார் என்று ஒரு கிழவி சொன்னார். அதுதான் மூன்று தலைமுறை கைமாறி, பாதுஷா வாடிக்கையாளராகிவிட்டார். சகோதரருக்கு முகம் வாடிப்போனது. எனக்கோ அந்தச் சின்னக் கடையின் கதைதான் பிடித்திருந்தது, ஏனென்றால் அது நடந்தது.

இதைவிடப் பெரிய நோய் அரபு வம்சக் கதை. "எங்கள் முன்னோர் யமனிலிருந்து வந்தவர்கள்" என்பார்கள். இடையில் உள்ள பெயர்களைச் சொல்லுங்கள் என்றால் நாலாவது பெயரில் நின்றுவிடும். காயல் துறைமுகத்தில் அரபு வணிகர்கள் வந்து தங்கியதும் பெண் கொண்டதும் உண்மை. அந்த வழியில் வந்தவர்கள் சொல்லட்டும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் இந்த மண்ணிலேயே நெய்தவர்கள், உழுதவர்கள், மீன் பிடித்தவர்கள். கலிமாவைக் கேட்டு ஏற்றவர்கள். அதில் என்ன குறைச்சல்? தந்தையல்லாதவரைத் தந்தை என்று சொல்லிக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகத் தடுத்தார்கள்! அரபிக்கு அஜமியைவிடச் சிறப்பில்லை என்று அறிவித்த நபியின் உம்மத், வம்சம் தேடி அரபு நாட்டுக்கு ஓடலாமா? அந்நியர் என்று நம்மைச் சொல்கிறவனுக்கு நாமே சான்றிதழ் எழுதிக்கொடுக்கலாமா?

பரம்பரைக் கதை அரசியலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை இலங்கை பார்த்துவிட்டது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர்கள் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தார். முஸ்லிம்களுக்குச் சட்டசபையில் தனி இடம் பற்றிய பேச்சு இருந்த நேரம் அது. மறு ஆண்டு அந்த இடம் கிடைத்தது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அரபு மூதாதையரைக் காட்டி மறுப்பு எழுதினார். இந்தப் பெரிய விவாதத்தில், தமிழ்நாட்டுக் கரையிலிருந்து போய் அங்கே கடை வைத்திருந்த நம் ஊர் வியாபாரியின் கதையை எழுத யாருமில்லை. 1915இல் கண்டியில் கலவரம் மூண்டபோது முதலில் தாக்கப்பட்டவர்களில் அவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பேரர்கள் இன்று நம் ஊர்களில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டவர் உண்டா?

கேட்கும்போது இன்னொன்றும் வரும். வந்தால் அதை அமுக்காதீர்கள். சபர் போன ஆண்கள் பலர் அங்கேயும் நிக்காஹ் செய்தார்கள். பர்மாவில் அந்தக் குழந்தைகளுக்கு 'ஜெர்பாதி' என்று தனிப் பெயரே இருந்தது. ஊருக்குத் திரும்பியவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இங்கே இருந்த நன்னிக்குத் தெரிந்தும் கேட்கவில்லை. குடும்ப மானம் என்று மூடிவைத்தார்கள். எது மானம்? நிக்காஹ்வில் பிறந்த பிள்ளைக்கு வாரிசுப் பங்கு அல்லாஹ் விதித்தது. அதை மூடி மறைத்துப் பிரித்த சொத்தில்தான் சில பெரிய வீடுகள் நிற்கின்றன என்று சொன்னால் கோபப்படாதீர்கள். கடனும் அப்படியே. வணிகச் சகோதரர்களே! உங்கள் நன்னாவின் கணக்குப் புத்தகத்தில் பற்று வரவு தெரிந்தால் இரண்டு பக்கத்தையும் படியுங்கள். சொத்தைப் பங்கிடும் முன் கடனைத் தீர்க்கச் சொல்கிறது மார்க்கம். குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதிவைக்கச் சொல்லும் வசனம்தான். சிறியதோ பெரியதோ எழுதச் சலிக்கக் கூடாது என்கிறது. அந்த வசனத்தை ராகமாக ஓதும் நாம், எழுதுவதற்கு மட்டும் ஏன் சலிக்கிறோம்?

ஆகவே வீட்டில் பெரியவர் இருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள். "பழைய கதை சொல்லுங்க" என்றால், "என்னத்த சொல்ல" என்பார். சின்னதாகக் கேளுங்கள். கடை எந்தத் தெரு? வாடகை எவ்வளவு? கூட்டாளி எந்த ஊர்? எந்தப் பள்ளியில் தொழுதீர்கள்? எந்தக் கப்பலில் வந்தீர்கள்? கூட வந்தவர்களில் திரும்பாதவர் யார்? பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். ஆண்கள் லாபத்தைச் சொல்வார்கள். யார் செத்தார், யாரை விட்டுவிட்டு வந்தோம் என்பதைப் பெண்கள்தான் சொல்வார்கள். 1962இல் நீ வின் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகளை அரசுடைமையாக்கியபோது சாவியைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிய குடும்பங்கள் சென்னையிலும் எத்தனையோ ஊர்களிலும் இருக்கின்றன. திரும்பப் போய்விடலாம் என்று தரைவழி நடந்து, முடியாமல் மணிப்பூர் எல்லையில் மோரேயிலேயே தங்கிவிட்ட தமிழர்கள் இருக்கிறார்கள். 1969இல் உருவான பர்மா பஜாரில் இன்று கடை வைத்திருக்கும் சகோதரர், முதன்முதலில் அங்கே தரையில் துணி விரித்து உட்கார்ந்தது யார் என்று தெரிந்து வைத்திருக்கிறாரா?

பதியும்போது தேதி, சொன்னவர் பெயர், அவர் கண்டதா கேட்டதா, கேட்டதென்றால் யாரிடம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பதியுங்கள். சிங்கப்பூர் அரசு 1979இலேயே இதற்கென வாய்மொழி வரலாற்று மையம் தொடங்கி, சாதாரண மக்களின் பேச்சைப் பதிந்து வருகிறது. நமக்கு அரசு எதற்கு? ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் தஃப்தர் போதும் ஆரம்பிக்க. மணமகன் தகப்பனார் பெயர், ஊர், சாட்சிகள், மஹர் என்று எல்லாம் அதில் இருக்கும். கரையான் தின்பதற்குள் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். பெட்டியில் அரபு எழுத்தைக் கண்டால் கிணற்றுக்குக் கொண்டுபோகும் முன் ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த ஆலிம் உங்கள் ஊரில் இல்லையென்றால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ் நானே வருகிறேன்.

மோல்மீனில் பிறந்து 1964இல் வந்த ஒரு பெரியவர் பக்கத்து மாவட்டத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு நேற்று போன் செய்தேன். வயது 88. மகன்தான் எடுத்தார். "அத்தாகிட்ட தர்றேன், சத்தமாப் பேசுங்க ஹஜ்ரத்" என்றார். விஷயத்தைக் கத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, "இம்புட்டு நாளா எங்க இருந்தீங்க? வியாழக்கிழமை வாங்க. அஸருக்கு முன்னாடி வாங்க, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வந்துரும்" என்றார்.